நடு கேம்பெயினில் புதுப் பதிப்புக்கு மாறப்போகும் டி.எம்.களுக்கு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்து, டைஸ் உருட்டி, கதையாக ஆடும் ஆட்டம். கதையை நடத்தி எதிரிகளை ஆட்டுவிப்பவர் டி.எம். (டன்ஜன் மாஸ்டர்), பல வாரம் தொடரும் ஒரே கதைதான் கேம்பெயின். அதன் புதுப் பதிப்புக்கு மாறுவதைப் பற்றி சென்னையில் யாராவது ஒரு டி.எம். முன்பே எழுதி வைத்திருந்தால், எனக்குச் செலவான 22,000 ரூபாயில் பாதியாவது மிஞ்சியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றாலே வயிற்றைக் கலக்கிய சில மாதங்களும் மிஞ்சியிருக்கும். புதுப் புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எந்த கிளாஸ் (பாத்திரத்தின் வகை) பலமாகிவிட்டது, எந்த ஸ்பெல் (மந்திரம்) வீணாகிவிட்டது என்றுதான் பேசுகிறார்கள். ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஐந்து பேர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள், நடுவில் டி.எம். என்ன பாடுபட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கூட்டம் கூடுவது வேளச்சேரியில் என் வீட்டு ஹாலில், ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு. கீழ் வீட்டு ஆன்ட்டி இன்றுவரை "பணம் வெச்சா ஆடறீங்க?" என்று கேட்கிறார். ஆபீஸில் என் டீமில் இருந்த தம்பி பாலடின், அதாவது தெய்வ சக்தியோடு சண்டையிடும் வீரன். என் சித்தி பெண், காலேஜ் படிக்கிறாள், மங்க், அதாவது வெறுங்கையால் சண்டையிடும் துறவி. என் தோழி பார்ட் (பாடியே மந்திரம் போடுபவள்), அவள் கணவர் ஃபைட்டர் (போர்வீரன்). இவர்களுக்கெல்லாம் மூத்தவர், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், விஸர்ட் (மந்திரவாதி). 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளில் ஆடிக்கொண்டிருந்தோம். கதை நானே எழுதியது: பழவேற்காடு மாதிரி ஒரு பழைய துறைமுகம், ஏரிக்கு நடுவில் அணைந்துபோன ஒரு கலங்கரை விளக்கம், அதற்குள் செத்தும் சாகாத ஒரு கேப்டன். எல்லோரும் 9-ஆம் லெவலுக்கு வந்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான், 2024 செப்டம்பரில், ஆட்டக்காரர்களின் விதிப் புத்தகமான புது பிளேயர்ஸ் ஹேண்ட்புக் வந்தது.

புத்தகத்தைப் பிரிப்பதற்கு முன்பே அண்ணனுக்கு அதன் மேல் பாதிக் கோபம் இருந்தது. அவர் காலேஜ் ஹாஸ்டலில் 3.5 என்ற பதிப்பை ஜெராக்ஸ் எடுத்து ஆடியவர். 2000-ல் மூன்றாம் பதிப்பு வாங்கியவர்களை 2003-லேயே மறுபடி வாங்க வைத்தார்கள் என்பதை அவர் இன்னும் மறக்கவில்லை. 2008-ல் நான்காம் பதிப்பு வந்தபோது ஒரு பெரிய கூட்டம் கோபித்துக்கொண்டு மறு வருடமே வெளியான பாத்ஃபைண்டர் என்ற போட்டி ஆட்டத்துக்குப் போனது. இவரும் போனார், ஐந்தாம் பதிப்புக்குத்தான் திரும்பினார். அப்புறம் 2023 ஜனவரியில் இந்த விதிகளை வைத்து மற்றவர்களும் எழுதி வெளியிட அனுமதித்த திறந்த உரிம ஒப்பந்தத்தை மாற்றப்போகும் வரைவு ஒன்று கசிந்தது. ரசிகர்கள் சந்தாவை ரத்து செய்து கொந்தளித்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் பின்வாங்கி, அடிப்படை விதித் தொகுப்பான எஸ்.ஆர்.டி.யையே, யாரும் இலவசமாகப் பயன்படுத்தும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது. ஆக, புதுப் பதிப்பைப் பற்றிய கோபத்தில் எவ்வளவு புத்தகத்தின் மேல், எவ்வளவு பழைய கணக்கு என்று பிரித்துப் பார்க்காமல் பேச ஆரம்பித்தால் விடிய விடியப் பேசலாம். நாங்கள் பேசினோம். உங்கள் கூட்டத்தில் இப்படி ஒரு அண்ணன் இருந்தால் முதலில் அவரைத் தனியாக ஒரு டீக்கடைக்குக் கூட்டிப் போய்க் கேளுங்கள்: "புது ரூல்ல என்ன பிடிக்கலை?" பதில் 2008-ஐப் பற்றியதாக இருந்தால், எந்தப் புத்தகத்தைக் காட்டினாலும் பிரயோஜனமில்லை.

இனி காசு. வெளியானபோது புத்தகம் ஒன்று 49.99 டாலர், 384 பக்கம். முதல் புத்தகத்தை வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தேன். 2019 பட்ஜெட்டில் இறக்குமதிப் புத்தகத்துக்கு 5% சுங்க வரி போட்டார்கள். அது கையைக் கடிக்கவில்லை. கடித்தது கூரியர்காரர்கள் வரியைக் கட்டித் தருவதற்கென்று தனியாகப் போட்ட கிளியரன்ஸ் சார்ஜ்தான். ஏற்கெனவே இறக்குமதி செய்து வைத்திருக்கும் இந்திய விற்பனையாளரிடம் லேபிள் விலை கூடுதலாகத் தெரிந்தாலும் கடைசியில் அதுதான் மலிவு. அடுத்த இரண்டு புத்தகத்தையும் அப்படித்தான் வாங்கினேன். ஆசைப்பட்டு டைஸ் செட்டையும் புத்தகத்தோடு ஒரே பார்சலில் போடாதீர்கள், அதற்குப் புத்தகத்தின் வரி விகிதம் பொருந்தாது. மழைக்காலத்தில் ஆர்டர் செய்யவும் வேண்டாம். நவம்பரில் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட், ஃபெங்கல் புயல் வாரத்தில் வாட்ச்மேன் அறையின் தரையில் கிடந்து, அதன் ஒரு மூலை இன்றும் அப்பளம் மாதிரி உப்பியிருக்கிறது.

அச்சுப் புத்தகம் வாங்கினால் டிஜிட்டல் பிரதி தானாக வந்துவிடாது என்பதும் பலருக்குத் தெரியவில்லை. எங்கள் கேரக்டர் ஷீட் (பாத்திரத்தின் விவரத்தாள்) எல்லாம் டி அண்ட் டி பியாண்ட் என்ற, ஆட்டத்தின் இணையதளத்தில் இருந்ததால் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கை மறுபடி டிஜிட்டலாக வாங்கினேன். அதை எல்லோருக்கும் பகிர வேண்டுமானால் டி.எம்.முக்கு வருடச் சந்தா வேறு. டாலரில் கட்டும்போது கார்டுக்காரர்கள் மார்க்-அப் என்று ஒன்று எடுப்பார்கள், அதன் மேல் ஜி.எஸ்.டி. 2021-ல் ரிசர்வ் வங்கியின் புது விதி வந்ததிலிருந்து வெளிநாட்டுச் சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்றும் நம்பிக்கொண்டிருக்க முடியாது. என்னுடையது செஷனுக்கு முந்தின இரவு நின்றுபோனது. சித்தி பெண் வாட்ஸ்அப்பில் "அக்கா என் மங்க் பாதி காணோம்" என்று எழுதினாள். ஒன்று சொல்கிறேன், இதை மட்டுமாவது கேளுங்கள்: எதை மாற்றுவதற்கு முன்பும் எல்லோருடைய ஷீட்டையும் பி.டி.எஃப். ஆக இறக்கி, ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு ஃபைலில் வைத்துவிடுங்கள். 2024 ஆகஸ்டில் டி அண்ட் டி பியாண்ட், பழைய ஸ்பெல்களுக்கும் மேஜிக் பொருட்களுக்கும் பதிலாகப் புது வடிவங்களையே ஷீட்டில் காட்டப்போவதாக அறிவித்தது. ரசிகர்கள் சத்தம் போட்ட பிறகு சில நாளில் அந்த முடிவைக் கைவிட்டது. அந்த முறை சத்தம் போட்டவர்களால் தப்பித்தோம். பேப்பருக்கு அந்தக் கவலையே கிடையாது.

முதல் செஷன் நன்றாகத்தான் போனது. மங்க் ஆடும் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. 2014-ல் அம்பு மாதிரி எறிவதை மட்டும்தான் கையால் தட்டிவிட முடியும், இப்போது எதிரியின் வாள் வீச்சையும் தடுக்கலாம். இத்தனை நாளும் ஓடி ஒளிந்துகொண்டிருந்தவள் முன்வரிசையில் போய் நின்றாள். ஃபைட்டருக்கும் குஷி, வெப்பன் மாஸ்டரி என்று ஆயுதத்துக்கு ஒரு வித்தை கொடுத்திருக்கிறார்கள். அவர் வைத்திருந்த பெரிய சம்மட்டிக்கு டாப்பிள், அதாவது அடி பட்ட எதிரி கான்ஸ்டிட்யூஷன் ஸேவ் (உடல் உறுதியைச் சோதித்துத் தப்பிக்கும் உருட்டல்) போட வேண்டும், தோற்றால் குப்புற விழுவான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு டர்னில் இரண்டு அடி, ஆக்ஷன் சர்ஜ் என்ற கூடுதல் வாய்ப்பைப் போட்டால் நான்கு அடி, அடிக்கு ஒரு ஸேவ். சண்டை ஜவ்வாக இழுத்தது, பார்ட் போனை எடுத்துவிட்டாள். இதற்கு நான் கண்டுபிடித்த வழி: அவருடைய டி.சி. எண்ணை (ஸேவில் எதிரி எட்ட வேண்டிய எண்) ஒரு கார்டில் எழுதி என் திரையில் ஒட்டிக்கொண்டேன். அவர் அடிக்கு டைஸ் உருட்டும்போதே நானும் எதிரியின் ஸேவை உருட்டிவிடுவேன். அடி படவில்லை என்றால் என் டைஸுக்கு மதிப்பில்லை. நேரம் பாதியாகக் குறைந்தது.

பாலடின் விஷயம்தான் எல்லாவற்றையும் கவிழ்த்தது. தெரியாதவர்களுக்காக: பழைய விதியில் பாலடின் அடித்து அடி பட்டுவிட்டால், ஒரு ஸ்பெல் ஸ்லாட்டை, அதாவது அன்றைக்குரிய மந்திர வாய்ப்பு ஒன்றைச் செலவழித்து அந்த அடியின் மேலேயே டிவைன் ஸ்மைட் என்று தெய்வ சக்தியைச் சேர்க்கலாம். இரண்டு அடி பட்டால் இரண்டிலும் சேர்க்கலாம். இன்னொன்று, முக்கியச் செயலோடு கூட டர்னுக்கு ஒரே ஒரு தடவை செய்யக்கூடிய சின்னச் செயலுக்குப் போனஸ் ஆக்ஷன் என்று பெயர். எங்கள் தம்பி இதற்கென்றே சிவப்பு நிறத்தில் 8 முக டைஸாகப் பார்த்துப் பார்த்து வாங்கி வைத்திருந்தான். ஸ்மைட் நேரம் வந்தால் அவற்றை என் வீட்டு சில்வர் தட்டில் ஒவ்வொன்றாக வரிசை வைப்பான், எல்லோரும் சத்தமாக எண்ணுவோம். அன்றைக்குக் கலங்கரை விளக்கத்தின் படிக்கட்டில் கேப்டனை எதிர்கொண்டார்கள். மாதக்கணக்காகத் துரத்தி வந்த ஆள். இரண்டு அடியும் பட்டது. அவன் வரிசை வைக்க ஆரம்பித்தான். செத்தும் சாகாதவனுக்கு எதிராக ஒரு டைஸ் கூடுதல் என்பதால் ஸ்மைட்டுக்கு ஐந்து, மொத்தம் பத்து.

"ஒண்ணுதான்டா போட முடியும்," என்றேன். "இப்ப அது ஸ்பெல். போனஸ் ஆக்ஷன். ஒரு டர்னுக்கு ஒண்ணு."

"எப்பலேர்ந்துக்கா?"

"புதுப் புத்தகத்துல அப்படித்தான். அதுக்கு பதிலா கை வெச்சு குணமாக்கறது இப்ப போனஸ் ஆக்ஷன் ஆயிடுச்சு. ஒரு குதிரை கூட சும்மாவே வரும்."

"குதிரை எதுக்குக்கா? நாம படிக்கட்டுல நிக்கறோம்."

ஐந்து டைஸைத் தட்டிலிருந்து எடுத்துப் பையில் போட்டான். மிச்சத்தை உருட்டினான். கூட்டிச் சொல்லக்கூட இல்லை, நானே எட்டிப் பார்த்துக் கூட்டிக்கொண்டேன். கேப்டன் சாகவில்லை. அடுத்த டர்னில் ஃபைட்டர் முடித்துவைத்தார், யாரும் கைதட்டவில்லை.

அந்த மாற்றத்தை ஏன் செய்தார்கள் என்று டி.எம். என்ற முறையில் எனக்குப் புரியும். பழைய விதியில் என் பெரிய வில்லன்கள் எல்லாம் வசனம் பேசி முடிப்பதற்குள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் ஸ்பெல் ஆகிவிட்டதால் சேர்ந்து வரும் தொல்லைகள் இருக்கின்றன: ஸைலன்ஸ் என்ற ஓசையடக்கும் மந்திரம் போட்ட இடத்துக்குள் நின்றால் ஸ்மைட் வராது, எதிரி மந்திரவாதி கவுண்டர்ஸ்பெல் போட்டுத் தடுக்கப் பார்க்கலாம். சாமியின் கோபத்தை ஒரு மந்திரவாதி கை அசைத்து நிறுத்துவதா என்று அண்ணன் கேட்டார். முதல் முறையாக அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தம்பி அடுத்த வாரம் ஆபீஸ் வேலை என்றான். அதற்கடுத்த வாரமும் அதே. மூன்று புத்தகத்தையும் டிஜிட்டலையும் என் காசில் வாங்கி, ராத்திரி ராத்திரியாக ஐந்து பேர் ஷீட்டையும் மாற்றி எழுதியவள் நான். கோபப்பட வேண்டியவள் நான் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஒரு ஞாயிறு மூன்று பேர்தான் வந்தார்கள். பஜ்ஜி அவ்வளவும் மிஞ்சியது.

இதற்கு நடுவில் இன்னொரு சிக்கல், இதைப் பற்றி எந்தப் புத்தகமும் எச்சரிக்காது. ஆட்டக்காரர்களின் புத்தகம் செப்டம்பரில் வந்தது, அரக்கர் புத்தகமான மான்ஸ்டர் மேனுவல் 2025 பிப்ரவரியில்தான் வந்தது. இடைப்பட்ட மாதங்களில் பலமான புது கேரக்டர்கள் பழைய அரக்கர்களோடு மோதின. க்யூர் வூண்ட்ஸ் என்ற குணமாக்கும் மந்திரத்துக்கு இரட்டிப்பு டைஸ், பார்ட் எடுத்த ம்யூசிஷியன் என்ற ஃபீட்டால் (சிறப்புத் திறன்) ஒவ்வொரு ஓய்வுக்குப் பின்னும் கூட இருப்பவர்களுக்கெல்லாம் ஒரு மறு உருட்டல். என் சண்டைகள் எல்லாம் சப்பென்று முடிந்தன. நான் எதிரிகளின் ஹிட் பாயிண்டை (உயிர்ப் புள்ளி) ஏற்றினேன், அதனால் சண்டை நீண்டதே தவிர சூடேறவில்லை. அப்புறம் மான்ஸ்டர் மேனுவல் வந்தது, நிலைமை தலைகீழ். புது ஓநாய் கடித்தாலே விழ வேண்டும், பழைய மாதிரி ஸேவ் போட்டுத் தப்பிக்க முடியாது. பழைய புத்தகங்களும் புதுப் புத்தகங்களும் ஒன்றோடொன்று பொருந்தும் என்று வெளியிட்டவர்கள் சொன்னது பொய்யில்லை, ஆனால் நடு கேம்பெயினில் எடை மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் இப்போது ஆரம்பித்தால் மூன்று புத்தகமும் வெளியாகிவிட்டன, இந்தத் தொல்லை இல்லை. வேறு எந்த ஆட்டத்தின் புதுப் பதிப்புக்கு மாறினாலும் அரக்கர் புத்தகம் வரும்வரை பொறுத்திருங்கள். இன்னொன்று, புது மான்ஸ்டர் மேனுவலில் ஓர்க் என்று தனியாக அரக்கன் கிடையாது. ஓர்க் இப்போது ஆட்டக்காரர்கள் எடுக்கும் இனம். அண்ணன் இதற்கும் கொதித்தார். என் துறைமுகத்தில் இருந்த ஓர்க் கிராமத்துக்குப் பொதுவான போர்வீரன் கணக்கைப் போட்டு ஓட்டினேன், ஆட்டத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கடைசியில் தம்பிக்கு நானே போன் செய்தேன். ஆபீஸ் வேலை பொய் என்று அவனே சொன்னான். "புது ரூல் மோசம்னு சொல்லலக்கா. இந்த பாலடினை நான் அப்படி நெனச்சு வளர்க்கலை. மூணாவது செஷன்ல அந்தப் படகுல முதல் தடவை ரெண்டு ஸ்மைட் போட்டு உங்க எல்லாரையும் காப்பாத்தினான்ல, அவன் இப்ப அதைச் செய்ய மாட்டான்னா அவன் வேற ஆளு." படகில் காப்பாற்றியது எனக்கு நினைவிலேயே இல்லை, நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், இருந்தது. அதற்குப் பிறகு அவனோடு விதியைப் பற்றி நான் வாதம் செய்யவே இல்லை.

அன்றிரவே குரூப்பில் எழுதினேன்: இந்தக் கேம்பெயின் முடியும்வரை அவரவர் கேரக்டரின் பழைய வித்தைகள் பழைய விதியிலேயே இருக்கும். புதிதில் எது ஆட்டத்தை எளிதாக்குகிறதோ அதை மட்டும் எடுப்போம். ஹீலிங் போஷனைப் போனஸ் ஆக்ஷனில் குடிக்கலாம், இது ஏற்கெனவே பல வீடுகளில் சொந்த விதியாக இருந்ததுதான். களைப்புக்குப் பழைய பட்டியலைத் தூக்கிவிட்டு, களைப்பின் ஒவ்வொரு படிக்கும் டைஸ் உருட்டலில் இரண்டு குறையும், நடை வேகமும் குறையும் என்ற புதுக் கணக்கு. எல்லோருக்கும் ஒரு ஒரிஜின் ஃபீட், அதாவது பாத்திரத்தின் பின்னணியோடு வரும் சிறப்புத் திறன், இலவசம். மங்க் மட்டும் முழுசாகப் புதிது, ஏனென்றால் அதில் யாருக்கும் நஷ்டமில்லை. பார்ட் ஹாஃப்-எல்ஃப், அந்த இனம் புதுப் புத்தகத்தில் இல்லை, பழையதை வைத்துக்கொள்ளலாம் என்று விதியே அனுமதிக்கிறது. புது முறையில் திறன் எண்களுக்கான கூடுதல் இனத்திலிருந்து வராமல் பின்னணியிலிருந்து வரும் என்பதற்காக அவள் ஷீட்டை முழுதாக மறுபடி கணக்குப் போட்டு ஒரு மாலை வீணானது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். ஏற்கெனவே ஆடிவரும் கேரக்டரின் எண்களில் கை வைக்கவே வேண்டாம்.

காசைப் பற்றி இன்னும் ஒன்று பாக்கி. 2025 ஏப்ரலில் புது விதிகளின் எஸ்.ஆர்.டி. 5.2 கிரியேட்டிவ் காமன்ஸில் இலவசமாக வந்துவிட்டது. பன்னிரண்டு கிளாஸ்களும் ஆளுக்கு ஒரு சப்கிளாஸோடு (உட்பிரிவு), ஸ்பெல்கள், அரக்கர்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. நான் வாங்கியபோது அது இல்லை, உங்களுக்கு இருக்கிறது. அதை இறக்கி, கதையோடு சம்பந்தமில்லாத ஒரு சின்ன சாகசத்தை 3-ஆம் லெவல், 9-ஆம் லெவல் என்று தனித்தனியாக ஆடிப் பாருங்கள். கீழ் லெவலில் எல்லோருக்கும் பிடிக்கும், வித்தியாசம் உறைப்பது மேலே போன பிறகுதான். பிடித்த பிறகு ஹேண்ட்புக் மட்டும் வாங்குங்கள், செலவை ஆறாகப் பங்கு போடுங்கள். பங்கு போட்டவர்கள் புத்தகத்தைத் திறந்து படிக்கவும் செய்கிறார்கள். அந்த உரிமத்தில் மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு மொழிபெயர்க்கவும் அனுமதி உண்டு. சண்டை விதிகளை நான்கு பக்கத் தமிழில் எழுதி, திருவல்லிக்கேணியில் ஒரு கடையில் ஸ்பைரல் பைண்டிங் போட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். 22,000 செலவழித்ததில் கிடைத்ததைவிட அந்த நான்கு பக்கத்தைத்தான் மேஜையில் அதிகம் புரட்டுகிறார்கள்.

துறைமுகக் கதை போன மழைக்கு முன் முடிந்தது, கடைசிச் சண்டையில் பத்து சிவப்பு டைஸும் உருண்டன. அண்ணன் எங்களை விட்டுப் போகவில்லை, ஆனால் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு ஆடப் போய்விடுகிறார். அதன் விதிகள் முழுக்க இணையத்தில் இலவசம் என்று என்னிடம் அடிக்கடி நினைவூட்டுகிறார், என் உப்பின புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே. புதுக் கேம்பெயினை 1-ஆம் லெவலிலிருந்து முழுக்கப் புது விதியில் தொடங்கியிருக்கிறோம். சித்தி பெண் பாலடின் எடுத்திருக்கிறாள், பழைய ஸ்மைட்டை அவள் ஆடியதே இல்லை, அதனால் ஒரு குறையும் இல்லை, குதிரை எப்போது வரும் என்றுதான் கேட்கிறாள். தம்பி ரேஞ்சர், அதாவது காட்டு வேட்டைக்காரன். இரையைக் குறிவைக்கும் ஹண்டர்ஸ் மார்க் மந்திரத்துக்கு ஏன் இன்னும் கான்சன்ட்ரேஷன் (விடாமல் மனதைக் குவித்திருப்பது) வேண்டும் என்று இரண்டாவது வாரமே ஆரம்பித்துவிட்டான். 5-ஆம் லெவல் வரட்டும், அதற்குள் உனக்கு எத்தனை தடவை இடைஞ்சலாக இருந்தது என்று எழுதி வை, பார்த்து முடிவு செய்யலாம் என்று சொல்லியிருக்கிறேன்.